மேடு பள்ளத்துக்கு ஒரு வக்காலத்து

புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம் நாங்கள் பெத்தாங் என்ற இரும்புக் குண்டு ஆட்டம் ஆடும் திடலை 2024 மழைக்காலத்துக்கு முன்பு சமப்படுத்தினார்கள். தீர்மானம் போட்ட ஞாயிற்றுக்கிழமை நான் கடலூரில் ஒரு வளைகாப்பில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிராவல் லோடு, அதன் மேல் கிரஷர் தூள், வாடகை ரோலர் எல்லாம் வந்து போய்விட்டிருந்தன. வேப்பமரத்து வேர் புடைத்திருந்த இடம், ஆடி மாதம் கூழ் காய்ச்ச அடுப்பு வெட்டியதால் மெத்தென்று ஆகிப்போன இடம், குட்டியானை வண்டியை நிறுத்தி நிறுத்தி இறுகிப்போன இடம், சாக்கடைப் பக்கமாக மெல்லச் சரியும் அந்தக் கடைசி ஓரம் எதுவுமே இல்லை. கமிட்டியில் இருக்கும் பையன் சிவில் படித்தவன். டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. வெளியூர் அணிகளைக் கூப்பிட்டுப் போட்டி நடத்தப்போகிறோம், தரை ஒழுங்காக இருக்க வேண்டாமா என்றார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் எங்களோடு ஆடுகிறார். சொல்தா தாத்தா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் புதுத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு சுற்று நடந்தார். "இன்னாத்த பாக்கறது இதுல? கேரம் போர்டுல பவுடர் போட்டா மாதிரி இருக்குது" என்றார். பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "இப்பதான் தாத்தா நியாயமா இருக்கு. திறமை இருக்கறவன் ஜெயிப்பான்."

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. அந்த வாக்கியத்தில் இன்ன இடத்தில் தப்பு என்று விரல் வைக்க முடியவில்லை. ஆனால் சரிதானப்பா என்று விட்டுவிடவும் மனசு ஒப்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். சுற்றியதில் பாதி தூரம் கோல்ஃப் திடல்களுக்குள் போயிற்று. கோல்ஃப் மட்டையைத் தொட்டறியாத ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வருகிறேன்.

பேச்சு நின்றுபோன ஆட்டம்

புதுச்சேரிக்காரர்களுக்கு பெத்தாங் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று இரும்புக் குண்டை எறிய வேண்டும். 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரப்பந்துக்கு யார் குண்டு அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. 13 எடுத்தவர் வெற்றி. தென் பிரான்சின் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில், வாத நோயால் ஓடி வந்து எறிய முடியாத ஒருவருக்காக 1907 வாக்கில் பிறந்த ஆட்டம் என்பார்கள். உடம்புக்கு முடியாதவரையும் ஆட்டத்துக்குள் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்தது என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

மூவர் அணியில் ஆளுக்கு 2 குண்டு. ஒருவர் பந்துக்கு அருகே ஒட்டி வைப்பவர். இன்னொருவர் எதிராளி வைத்த குண்டை நேராக அடித்துத் தூக்குபவர். நடுவில் இருப்பவர் நிலைமைக்குத் தகுந்தபடி இரண்டும் செய்வார். ஒட்டி வைக்கிறவனுக்குத் தரைதான் எல்லாம். குண்டு எங்கே விழும், விழுந்த இடம் இறுக்கமா பொதுபொதுவா, எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்துத்தான் எறிய வேண்டும். அடிப்பவனுக்கு அந்தக் கவலை குறைவு. நல்ல அடிகாரன் தரையைத் தொடாமல் இரும்பின் மேலேயே கொண்டுபோய்ப் போடுவான். அதனால் தரையைச் சமமாக்கினால் என்ன ஆகும்? ஒட்டி வைப்பது எல்லாருக்கும் சுலபமாகிவிடும். எல்லாருக்கும் சுலபமான பிறகு அதில் கெட்டிக்காரன் என்று ஒருவன் இல்லை. மிச்சம் இருப்பது அடி மட்டும்தான். அடிக்குக் கண் வேண்டும், தோள் வேண்டும், இருபத்தைந்து வயது வேண்டும்.

புதுத் தரையில் நடந்த முதல் முக்கியமான ஆட்டத்தில் தாத்தாவும் நானும் ஒரு பையனும் ஒரு பக்கம், மூன்று இளவட்டங்கள் எதிர்ப்பக்கம். தோற்றோம், நன்றாகவே தோற்றோம். அது பரவாயில்லை. முன்பும் தோற்றிருக்கிறோம், இதைவிட மோசமாகவும் தோற்றிருக்கிறோம். எனக்கு உறைத்தது வேறு ஒன்று. பழைய தரையில் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் நாங்கள் மூவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்ப்போம். தாத்தா நடந்து போய் கால் கட்டை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். "வேருக்கு இந்தாண்ட வுழணும் தம்பி, அப்புறம் அது பாட்டுக்கு எறங்கும்." பையன் இல்லை தாத்தா என்பான், சண்டை வரும், எதிரணி "போடப்போறீங்களா, டீ குடிச்சுட்டு வரட்டுமா?" என்று கத்தும். அன்றைக்கு ஆட்டம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேச என்ன இருக்கிறது? குண்டை எடுத்தோம், போட்டோம், நகர்ந்தோம். எதிரணியிலும் அதே கதைதான், ஜெயித்தவர்களும் பேசவில்லை. ஆறு பேர் ஒரே திடலில் தனித்தனியாக ஆடிவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரத்திலிருந்து தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறவர் ஆகிவிட்டார்.

திறமை இருக்கிறவன் ஜெயிப்பான் என்ற வாக்கியத்தில் "திறமை" என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தரைதான் தீர்மானிக்கிறது என்று எனக்கு முதலில் தோன்றியது அன்றைக்குத்தான். ஆனால் அதைத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறோர் ஆட்டம் தேவைப்பட்டது.

லாரியில் வந்த மேடு

என் சித்தப்பா மகன் பாரிசுக்கு வெளியே சேன் கந்த்தேன் பக்கம் குடியிருக்கிறான். 2018 செப்டம்பர் கடைசியில் போன் செய்து, "எங்க ஏரியாவுல ரோடெல்லாம் அடைச்சுட்டானுங்கண்ணா, ஏதோ கோல்ஃப் கப்பாம்" என்று அலுத்துக்கொண்டான். மறுநாளே ஆபீசில் யாரோ கொடுத்த டிக்கெட்டில் உள்ளே போய்விட்டு வந்து, "முழங்கால் உயரத்துக்குப் புல்லுண்ணா, பந்து போனா போனதுதான்" என்று வர்ணித்தான். அப்படித்தான் நான் ரைடர் கோப்பையைப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கத் தொடங்கியவன் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுத் திடலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சாமுவேல் ரைடர் என்ற ஆங்கிலேய விதை வியாபாரி கொடுத்த கோப்பை அது. பாக்கெட் ஒரு பென்னி என்று விதை விற்றுப் பணக்காரர் ஆனவர். 1927-ல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே தொடங்கியது. 1979-லிருந்து பிரிட்டனுக்குப் பதில் ஐரோப்பா முழுவதும் ஓர் அணி. பக்கத்துக்கு 12 பேர், மொத்தம் 28 புள்ளி. இதில் ஃபோர்சம்ஸ் என்று ஒரு வகை உண்டு. இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நான் புதருக்குள் அடித்தால் என் கூட்டாளி புதருக்குள் இருந்து அடிக்க வேண்டும். கோல்ஃபில் அணிப் போட்டி என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை கூட்டல் கணக்குத்தான். தனித்தனியாக ஆடி, வந்த எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்வார்கள். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் இந்தியா அணித் தங்கம் வாங்கியது. லக்ஷ்மண் சிங் தனிநபர் தங்கமும் வாங்கினார். பெருமையான விஷயம், ஆனால் அதுவும் அந்த வகைக் கணக்கே. ஃபோர்சம்ஸ் அப்படிக் கிடையாது. அங்கே பேசாமல் ஆட முடியாது.

பாரிசில் நடந்தது இது. அமெரிக்க அணியில் நெடுந்தூரம் அடிப்பவர்கள் அதிகம். ஐரோப்பியர்கள் ஃபேர்வே என்ற, புல் கட்டையாக வெட்டிய நடுப்பாதையைக் குறுக்கி, ஓரத்துப் புல்லை அடர்த்தியாக வளரவிட்டார்கள். தூரம் அடிப்பதில் லாபம் போய், எங்கே அடிப்பது என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் 3–1 என்று அமெரிக்கா முன்னிலை. மதியம் ஃபோர்சம்ஸ், நான்கு ஆட்டமும் ஐரோப்பாவுக்கு. மொலினாரி, ஃபிளீட்வுட் ஜோடி சேர்ந்து ஆடிய நான்கிலும் வென்றார்கள். கடைசியில் 17½–10½. ஒரு வாரம் முன்பு அமெரிக்காவில் பட்டம் வென்றுவிட்டு வந்த டைகர் வுட்ஸ் நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்றார். அமெரிக்கர்களில் நன்றாக ஆடியவர் ஜஸ்டின் தாமஸ். அந்தப் பன்னிரண்டு பேரில் அந்தக் கோடையில் அதே திடலில் நடந்த பிரெஞ்சு ஓபன் கோல்ஃப் போட்டிக்குப் போய் ஆடியிருந்தவர் அவர் ஒருவர்தான். தரையை முன்பே மிதித்திருந்தார்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று. அந்த லெ கோல்ஃப் நாசியோனால் திடல் 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அது தட்டையான வயல்வெளி. பாரிஸ் பக்கத்துக் கட்டட வேலைகளில் மிஞ்சிய மண்ணையும் இடிபாட்டையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி அந்த மேடுகளை உண்டாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்சும் அப்படித்தான். பழைய ராணுவப் பயிற்சி முகாமின் தட்டை நிலத்தில் பீட் டை என்ற வடிவமைப்பாளர் மணலைக் கொட்டிக் கடற்கரை மேடுகளைப் போல ஆக்கினார். அங்கே மணற்குழிகள் கிட்டத்தட்ட ஆயிரம். 2010-ல் டஸ்டின் ஜான்சன், கூட்டம் மிதித்த வெறுந்தரை என்று நினைத்து மட்டையை மண்ணில் ஊன்றிவிட்டார். அது மணற்குழி, அதற்குள் மட்டையை ஊன்றக் கூடாது என்று இரண்டு அடி அபராதம் போட்டார்கள். கடைசிக் குழியில் பட்டம் கையைவிட்டுப் போனது. உலகத்தில் ஒரு பக்கம் கோடிகளைக் கொட்டி மேடு வாங்குகிறார்கள். நாம் கமிட்டிப் பணத்தில் லோடு இறக்கி இருந்த மேட்டை மூடினோம்.

கடலோரத்து நிலம்

இந்த ஆட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில் யாரும் எதையும் கொட்டவில்லை. லிங்க்ஸ் என்று அவர்கள் சொல்லும் நிலம் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடப்பது. ஆறு கொண்டுவந்த மணலைக் காற்று மேடாக்கும், புல் அதைப் பிடித்து நிறுத்தும், ஆடு மேயும். உழவுக்கு உதவாது, வீடு கட்டவும் ஆகாது. நமக்கு இது அந்நியமான நிலமே இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா பக்கம் நடந்தால், இராவணன் மீசையும் அடம்பும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேடு இன்னும் ஆங்காங்கே மிச்சம் இருக்கிறது. மற்ற இடங்களில் சவுக்குக்கும் இறால் குட்டைக்கும் விடுதிக்கும் என்று தட்டியாகிவிட்டது. புதுச்சேரியில் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கல் கொட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே நின்றுவிட, ஊர்க் கடற்கரை கரைந்துபோய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய திடல் இன்றைக்கும் ஊர்ச்சொத்து. 1754-ல் தொடங்கிய, உலகத்துக்கே விதி எழுதிய கிளப் அதன் ஓரத்தில் இருந்தாலும் திடல் அதற்குச் சொந்தம் கிடையாது. 1974-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். யாரும் பெயர் கொடுக்கலாம், குலுக்கலில் விழுந்தால் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு ஃபேர்வே நடுவே நடப்பார்கள். அங்கே 22 குழிகள் இருந்ததை 1764-ல் 18 ஆக்கினார்கள், உலகமே 18-ஐ எடுத்துக்கொண்டது. போகிறவர்களும் திரும்புகிறவர்களும் ஒரே கிரீனை, அதாவது குழியைச் சுற்றி மழித்த புல்தரையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இரண்டாவதும் பதினாறாவதும் ஒன்று, மூன்றாவதும் பதினைந்தாவதும் ஒன்று, இப்படி எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். இடம் போதாமல் பகிர்ந்துகொண்டதில் வந்த ஏற்பாடு இது.

அந்த நிலத்தில் பந்து நேராகப் போனாலும் தரை அதைத் தள்ளிவிடும். நல்ல அடிகூட மணற்குழிக்குள் போகும், மோசமான அடி மேட்டில் பட்டுத் திரும்பி வரும். அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-ல், தன் 19 வயதில் அங்கே முதல்முறை பிரிட்டிஷ் ஓபன் ஆட வந்தார். மூன்றாம் சுற்றில் பதினோராவது குழியருகே மணலில் மாட்டிக்கொண்டு, கோபத்தில் போட்டியை விட்டே விலகினார். நியாயமே இல்லாத தரை என்றுதான் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். 1927-ல் அதே தரையில் ஓபன் வென்றார், 1930-ல் அமெச்சூர் பட்டமும் அங்கேதான். 1958-ல் முதல் உலக அமெச்சூர் அணிப் போட்டிக்கு அமெரிக்க அணியின் கேப்டனாக, நடக்கவே சிரமப்படும் உடம்போடு வந்தார். ஊர் அவருக்குக் குடியுரிமை மரியாதை செய்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1759-ல். தன் வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இந்த ஊர் தந்ததை மட்டும் வைத்தாலும் நிறைவான வாழ்க்கைதான் என்று பேசினார். 1921-க்கும் 1958-க்கும் இடையில் தரை ஒன்றும் மாறிவிடவில்லை.

ஜோன்ஸ் பிறகு அமெரிக்காவில் அகஸ்டா திடலை அமைக்கக் கூட்டுச் சேர்த்துக்கொண்டவர் அலிஸ்டர் மெக்கென்சி. இவர் டாக்டர். தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது, எதிரிகள் பதுங்குகுழியை இயற்கை நிலத்தோடு நிலமாக மறைப்பதைக் கண்டு அதையே பின்னால் திடல் அமைப்பில் பயன்படுத்தியவர். செயின்ட் ஆண்ட்ரூஸை அங்குலம் அங்குலமாக அளந்து 1924-ல் வரைபடம் போட்டார். அவருடைய கணக்கு எனக்குப் பிடித்தமானது. பலசாலி எங்கே பந்தைப் போட ஆசைப்படுவானோ அங்கே மணற்குழி இருக்க வேண்டும். பலம் இல்லாதவனுக்குச் சுற்றிக்கொண்டு போக அகலமான வழி இருக்க வேண்டும், அவனும் யோசித்து ஆடினால் ஆட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் பையனிடம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். பழைய தரையில் தாத்தாவுக்கு ஒரு சுற்றுவழி இருந்தது. புதுத் தரையில் இல்லை.

நியாயமில்லை என்ற புகாரே எண்ணிக்கைக் காகிதத்தோடு வந்தது என்று நினைக்கிறேன். நூற்றைம்பது பேர் நாள் முழுக்கத் தனித்தனியாக ஆடி, காலைக் காற்றில் ஆடியவனையும் மாலைக் காற்றில் ஆடியவனையும் ஒரே பட்டியலில் வைக்கும்போது, தரை தள்ளிவிட்ட ஒவ்வொரு பந்தும் அநியாயமாகத் தெரியும். எதிராளி பக்கத்தில் நின்று அதே மேட்டில் ஆடினால் அந்தப் புகாருக்கு இடமில்லை. அடுத்து அவனுக்கும் அதே மேடுதான்.

வாசல்

கிளப் சரித்திரம் என்று வந்தால் மட்டும் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் கோபம் வரும். கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. பிரிட்டனுக்கு வெளியே அதுதான் மூத்தது. ஐரோப்பாக் கண்டத்தின் முதல் கிளப்பான பிரான்சின் போ கிளப்பே 1856-ல்தான். சென்னையில் வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்புக்குள் நம்மை விடாதபோது 1873-ல் தொடங்கியது காஸ்மாபாலிட்டன் கிளப். நந்தனத்தில் அதன் கோல்ஃப் திடல் இருக்கிறது. கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் திடல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் தயவில் அங்கே நடந்திருக்கிறேன். நகரத்துக்கு நடுவில் அவ்வளவு நிலம் யாருக்காக என்ற கேள்வி நடக்க நடக்கக் கூடவே வந்தது. ரேஸ் கிளப்பின் குத்தகையை 2024-ல் அரசு ரத்து செய்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. அகஸ்டாவே முதல் கறுப்பின உறுப்பினரை 1990-லும் பெண்களை 2012-லும்தான் சேர்த்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் வடிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாசலுக்குள் ஆட்டக்காரர்களின் மட்டை மூட்டை சுமக்கப் போய்த் தரையைப் படித்தவர்கள் கேடிகள். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓபனையே வென்றார். எந்தப் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உறுப்பினர் அட்டை பார்த்து வருவதில்லை.

பெத்பேஜ்

என் வாதத்தை இத்தோடு முடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். 2025 செப்டம்பரில் நியூயார்க்கின் பெத்பேஜில் ரைடர் கோப்பை நடந்தது. அரசுப் பூங்காவில் இருக்கும் பொதுத் திடல் அது. மிகத் தேர்ந்தவர்கள் மட்டும் ஆடுங்கள் என்று பலகை வைத்திருக்கும் கடுமையான இடம். அமெரிக்க கேப்டன் கீகன் பிராட்லி ஓரத்துப் புல்லைக் கட்டையாக வெட்டவைத்தார். தூரம் அடிப்பவனுக்குத் தடை இருக்கக் கூடாது என்ற கணக்கு. எங்கள் கமிட்டி செய்த வேலைதான். என் கணக்குப்படி அங்கே ஜோடி ஆட்டத்தின் அருமை குறைந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். இரண்டு நாள் ஃபோர்சம்ஸையும் ஐரோப்பா 3–1, 3–1 என்று வென்றது. ஜோடி ஆட்டங்கள் எல்லாம் முடிந்தபோது 11½–4½. கடைசி நாள் தனித்தனியாக ஆடியபோது அமெரிக்கர்கள் புரட்டி எடுத்தும் 15–13 என்று தோற்றார்கள். திடலைத் தயார் செய்த விதம் தப்பாகிவிட்டது என்று பிராட்லியே ஒத்துக்கொண்டார்.

ஆக, கடினத்தைக் குறைத்த தரையிலும் பேசிப் பேசி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். தரை சமமானதால்தான் எங்கள் பேச்சு நின்றது என்று நான் சொன்னது முழு உண்மையாக இருக்க முடியாது. தாத்தாவுக்கும் எனக்கும் அந்தப் பையனோடு பேச வேர் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால் ஒன்று. தங்களுக்குச் சாதகம் என்று நினைத்து ஒருவகைத் திறமையை மட்டும் மிச்சம் வைத்தால் அது யாருக்கு லாபமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு பெத்பேஜ் சாட்சி.

எங்கள் திடலின் கதையை ஃபெஞ்சல் புயல் பாதி முடித்துவைத்தது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. கிரஷர் தூளில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வாய்க்கால் வாய்க்காலாக அரித்திருந்தது. வேர் தலையைக் காட்டியது. மறுபடி லோடு அடிக்கக் கமிட்டியில் பணம் இல்லை. இருந்தபடியே ஆடினோம், தாத்தா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். வசூல் ஓரளவு சேர்ந்து மீண்டும் சமப்படுத்தும் பேச்சு வந்தது பெத்பேஜுக்குப் பிறகுதான். இந்தத் தடவை நான் கூட்டத்துக்குப் போனேன். சர்வதேச விதிப் புத்தகத்திலிருந்து, பெத்தாங்கை எந்தத் தரையிலும் ஆடலாம் என்ற விதியைப் படித்துக் காட்டினேன். ஆட்டத்தின் நடுவே தரையில் இருக்கும் எதையும் நகர்த்தவோ மிதித்து அழுத்தவோ கூடாது, முன்பு விழுந்த குண்டு பறித்த குழி ஒன்றை மட்டும் மூடிக்கொள்ளலாம் என்பதையும் படித்தேன்.

பையன் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டான். "சரி மாமா. அந்த வேரு எங்க இருக்குன்னு உங்களுக்கும் தாத்தாவுக்கும் வருஷக்கணக்கா தெரியும். வெளியூர்லேர்ந்து வர்றவனுக்கு? அவனுக்கு இது நியாயமா?" ஜஸ்டின் தாமஸ் ஞாபகம் எனக்கு வந்தது. இந்தக் கேள்வி அவன் முதலில் சொன்னதைவிடக் கனமானது, சொந்தத் திடல் என்ற சலுகையை நேராகத் தொடுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு முதல்முறை வருகிறவன் ஊர்க் கேடி ஒருவரைக் கூட வைத்துக்கொள்வான் என்றேன். "அப்ப நம்ப யாரை அனுப்பறது?" என்றான். எல்லாரும் பெஞ்சுப் பக்கம் திரும்பினோம்.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. சாக்கடை ஓரம் மட்டும் மண் அணைத்துக் கட்டியிருக்கிறோம், அங்கே குண்டு போனால் எடுப்பது சிரமம். மற்றபடி தரை அதன் போக்கில். வெளியூர் அணி வந்தால் ஆட்டத்துக்கு முன் தாத்தா அவர்களைக் கூட்டிக்கொண்டு திடல் முழுக்க நடந்து காட்டுவார். எங்கே இறுக்கம், எங்கே பொதுபொது, வேரின் எந்தப் பக்கம் விழ வேண்டும், ஒன்றையும் மறைக்கக் கூடாது. காரைக்காலிலிருந்து வந்த அணிக்கு அவர் அரை மணி நேரம் காட்டினார். எங்கள் பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். காரைக்கால்காரர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் உட்கார்ந்து பார்த்து, தங்களுக்குள் சண்டை போட்டு, 13–9 என்று எங்களை ஜெயித்துவிட்டு பஸ் ஏறினார்கள். கமிட்டிப் பையன் இரண்டு நாள் தாத்தாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த ஒன்பதாவது புள்ளிக்கு அப்புறம் எந்தப் பக்கம் போட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.